கொரோனாவுக்கு டிபி குடுத்த கைமாத்து எப்போ திரும்ப வரும்?

மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும், எந்த நோய் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம்னு முடிவு பண்ணுத ஐசிஎம்ஆர் பெரியவங்களுக்கும், நம்ம மாநில சுகாதாரத் துறைக்கும்,

நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்துல ஒரு ஊர்ல மெடிக்கல் ஷாப்புல வேலை பாக்கேன். எங்க தெரு முக்குல ரேஷன் கடை சுவத்துல ஒரு பேனர் தொங்குது, "2025க்குள் காசநோய் இல்லா இந்தியா"ன்னு. ஆடிக் காத்துல ஒரு பக்கம் கிழிஞ்சு நடுவுல மடங்கிப் போச்சு, இப்போ பாத்தா "காசநோய் இந்தியா"ன்னுதான் வாசிக்க முடியுது. உலகத்துக்கெல்லாம் 2030, நாங்க அஞ்சு வருஷம் முன்னாடியே முடிச்சுருவோம்னு 2018 மார்ச்ல டெல்லில வச்சு பிரதமர் சொன்ன கெடு அது. 2025 வந்துச்சு, போச்சு. ஏன் முடியலன்னு எங்க ஊர்ல வந்து யாரும் ஒரு வார்த்த சொல்லல, அந்த பேனர கழட்டக்கூட ஆள் வரல. அதப் பாத்துப் பாத்துதான் எழுதுதேன்.

எங்க அம்மா முப்பது வருஷமா பீடி சுத்துனவ. சொளவ மடில வச்சுக்கிட்டு, நனச்சு வச்ச இலைய ஈரத்துணிக்குள்ள இருந்து எடுத்து, தகரத்த வச்சு கத்தரில நறுக்கி, தூள வச்சு உருட்டி, நுனிய மடக்கி நூல் கட்டுவா, நான் இருபது எண்ணுததுக்குள்ள ஒரு பீடி விழுந்துரும். 2020 பொங்கல் முடிஞ்சு அவளுக்கு இருமல் ஆரம்பிச்சுது. பீடி சுத்துத வீட்டுல இருமல்லாம் ஒரு சங்கதியே கிடையாது, "தூள் நெஞ்சுல ஏறிட்டு"ன்னு சொல்லிட்டு சுக்க தட்டிப் போட்டு குடிச்சுட்டு மறுபடியும் சொளவ எடுத்துருவாங்க. டிபி தூளால வராது கிருமியாலதான் வரும்னு எனக்குத் தெரியும், ஆனா அந்தத் தூள் இருமல்தான் டிபி இருமல ஒளிச்சு வைக்குது. இதுல வெக்கப்பட வேண்டியவன் நானுந்தான். மருந்துக் கடைல இருந்துகிட்டு ரெண்டு மாசம் நானே சிரப்பு மாத்தி மாத்தி கொண்டு போய் குடுத்தேன். ராத்திரி வேர்த்து சேலை நனையுதுன்னு சொன்னா, மாசி மாசமே வெயில் ஆரம்பிச்சுட்டுல்லான்னு சொன்னேன்.

மார்ச் கடைசில லாக்டவுன் போட்டாச்சு. பீடிக்கடையும் பூட்டிட்டாங்க. அதுக்கு மேல அம்மா மெலிஞ்ச மெலிவப் பாத்துட்டு சளி டெஸ்டுக்கு ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். இருமுத ஆளப் பாத்ததுமே மூக்குல குச்சி விட்டு கொரோனா டெஸ்ட் எடுத்தாங்க. நெகட்டிவ். பத்து நாள் கழிச்சு மறுபடியும் எடுத்தாங்க, மறுபடியும் நெகட்டிவ். டிபிக்கு சளி பாக்கணும்னு கேட்டா, மிஷின்ல இப்போ கொரோனா சாம்பிள்தான் ஓடுது, பொறுத்து வாங்கன்னாங்க. அந்த லேப் தம்பிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவன் கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம செவந்து கெடந்துச்சு. ஜூலைல டிபின்னு ரிசல்ட் வரும்போது அம்மா 46 கிலோல இருந்து 34 கிலோவுக்கு வந்துட்டா.

இங்கதான் நான் கைமாத்துன்னு சொல்லுதது. சளில டிபி கிருமி இருக்கான்னு பாக்குத ட்ரூநாட், சிபிநாட் மிஷின்லாம் நம்ம நாட்டுல ஊர் ஊரா வந்து இறங்குனதே டிபிக்காகத்தான். ட்ரூநாட் கோவால உள்ள ஒரு கம்பெனி நம்ம நாட்டுலயே உருவாக்குனது. அத கொரோனாவுக்கு தூக்கிட்டுப் போனீங்க. டிபி ஸ்டாஃப தூக்கிட்டுப் போனீங்க. அவசரம், போகட்டும், குடுத்தோம். ஆனா அதுக்கு நாங்க குடுத்த வெல என்ன தெரியுமா, 2019ல நாடு முழுக்க 24 லட்சம் பேருக்கு டிபி இருக்குன்னு கண்டுபிடிச்சு பதிஞ்ச கணக்கு 2020ல 18 லட்சமா எறங்கிச்சு. நோய் கொறஞ்சு எறங்கல, பாக்க ஆள் இல்லாம எறங்குச்சு. அந்த விட்டுப் போன ஆறு லட்சத்துல எத்தன பேரு வீட்டுக்குள்ளயே இருமிக்கிட்டு, பிள்ளைகளுக்கும் குடுத்துக்கிட்டு கெடந்தாங்களோ. பக்கத்து வீட்டுல அரிசி கைமாத்து வாங்குனாகூட அளந்து திருப்பிக் குடுக்கது எங்க ஊரு பழக்கம்.

அம்மா பொழச்சுட்டா. ஆறு மாசம் மாத்திரை, மூத்திரம் செக்கச்செவேல்னு போகுதுன்னு மொத வாரம் அவ பயந்து அழுதது வேற கத. பொழச்சாளே தவிர மாடிப்படி நாலு ஏறுனா மூச்சு வாங்கும், சொளவ எடுக்கது நின்னு போச்சு.

2021 ஜூன்ல எங்க ஊரு ஸ்கூல்ல கொரோனா ஊசி கேம்ப் போட்டாங்க. ஏப்ரல்ல நடிகர் விவேக் சார் ஊசி போட்டு ரெண்டு நாள்ல இறந்து போனதும் (ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு கமிட்டி பின்னாடி சொன்னாலும்) எங்க தெருவுல பாதிப் பேரு வரவே மாட்டேன்னுட்டாங்க, அம்மாதான் "டிபி மாத்திரையவே முழுங்குனவளுக்கு இது என்னல"ன்னு மொத ஆளா போய் பெஞ்சுல உக்காந்தா. நர்ஸம்மா சேலைய ஒதுக்கி இடது தோள்ல பஞ்ச வச்சு தொடைக்காங்க. அங்க சின்ன வயசுல டிபிக்கு எதிரா போட்ட பிசிஜி ஊசித் தழும்பு, காலணா அளவுக்கு. அதுக்கு ரெண்டு விரக்கட மேல கோவிஷீல்ட இறக்குனாங்க. எனக்கு அப்பந்தான் உள்ள ஏதோ பண்ணிச்சு. மேல இறங்குத ஊசி, நோய் வந்து ஒரு வருஷத்துல வந்தது. கீழ இருக்க தழும்பு, 1921ல பாரிஸ்ல மொத மொத போட்ட ஊசியோடது. இன்னைக்கு வரைக்கும் டிபிக்கு உலகம் முழுக்க லைசென்ஸ் வாங்கி பழக்கத்துல இருக்க தடுப்பூசி அந்த ஒண்ணுதான். கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி மோசமான டிபி வராம அது காப்பாத்தும், அதனால பிள்ளைகளுக்கு கண்டிப்பா போடணும், இதப் படிச்சுட்டு யாரும் போடாம விட்டுராதீங்க. ஆனா வளந்த ஆளுக்கு நுரையீரல்ல வருத டிபிய அது தடுக்கும்னு நம்ப முடியாது.

அது எப்படி உறுதியா தெரியும்னு கேட்டா, நம்ம ஆளுங்க கைய நீட்டித்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது. 1968ல செங்கல்பட்டு மாவட்டத்துல ஆரம்பிச்ச பிசிஜி ட்ரையல்ல இரண்டரை லட்சம் பேருக்கு மேல ஊசியோ டம்மி ஊசியோ போட்டு பதினஞ்சு வருஷம் கூடவே இருந்து பாத்தாங்க, பெரியவங்களுக்கு பாதுகாப்பு இல்லன்னு முடிவு வந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1956ல மெட்ராஸ்ல டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சப்போ, மலைல சானடோரியம் கட்டி படுக்க வைக்க வேண்டாம், குடிசைல இருந்தே மாத்திரை சாப்பிட்டா கொணமாகும், கூட இருக்கவங்களுக்கும் அதனால கூடுதலா தொத்தலன்னு நிரூபிச்சதும் நம்ம ஜனங்கதான். உலகமே சானடோரியத்த மூடுச்சு. இவ்வளவு செஞ்ச நாடு, அடுத்த ஊசிக்கு மட்டும் யாராவது கொண்டு வருவாங்கன்னு வாசல்ல நின்னா எப்பிடி?

டிபியும் கொரோனாவும் ஒண்ணா, டிபி கிருமி கஷ்டமானதுன்னு நீங்க சொல்வீங்க. ஒத்துக்கிடுதேன். கொரோனா வைரஸ்ல முள்ளு மாதிரி நிக்குத ஒரே ஒரு புரதத்த அடையாளம் காட்டுனா உடம்பு புரிஞ்சுக்கிடும். டிபி கிருமில நாலாயிரம் ஜீன், அதுல எத காட்டணும்னு இன்னும் தகராறு, அதுவும் நம்ம நுரையீரல்ல நம்ம காவக்கார செல்லுக்குள்ளயே போய் வருஷக்கணக்கா தூங்கும். கொரோனால ட்ரையல் நடக்கும்போதே ஊரெல்லாம் நோய், சில மாசத்துல ஊசி போட்டவன் யாரு போடாதவன் யாருன்னு வித்தியாசம் தெரிஞ்சுபோச்சு. டிபில அந்த வித்தியாசம் தெரிய மூணு நாலு வருஷம் ஆயிரக்கணக்கான பேர பின்தொடரணும். இதெல்லாம் உடம்பும் கிருமியும் கேக்குத நேரம், அதுல யாரும் அவசரப்படுத்த முடியாது.

நான் கேக்கது மத்த நேரத்த. ஃபைல் கெடக்குத நேரம், பணம் யாரு போடுததுன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்குத நேரம். கொரோனால நீங்கெல்லாம் சேந்து வெட்டுனது அந்த நேரத்தத்தான். 2020 ஜனவரில வைரஸோட மரபணு வரிசை வெளிய வந்துச்சு, மார்ச் 16 அமெரிக்கால மொத ஆளுக்கு சோதனை ஊசி, டிசம்பர் 8 இங்கிலாந்துல 90 வயசு மார்கரெட் கீனனுக்கு அனுமதி வாங்குன ஊசி, 2021 ஜனவரி 16 நம்ம நாட்டுல, அக்டோபர் 21க்குள்ள 100 கோடி டோஸ். அதுக்கு முன்னாடி வேகமா வந்த ஊசின்னு சொல்லுதது பொன்னுக்குவீங்கிக்கு, அதுக்கே நாலு வருஷம் ஆச்சு. கட்டம் ஒண்ணு முடிஞ்சு ரிப்போர்ட் எழுதி கமிட்டி கூடி அடுத்த கட்டம்னு இல்லாம, கல்யாண வீட்டுல ஒரு அடுப்புல சோறு, ஒரு அடுப்புல சாம்பாருன்னு ஒரே நேரத்துல ஏத்துத மாதிரி ட்ரையல் கட்டங்கள ஒண்ணுமேல ஒண்ணா ஓட்டுனாங்க, டேட்டா வர வர அதிகாரிங்க பாத்தாங்க, ஊசி ஜெயிக்குமான்னு தெரியும் முன்னாடியே ஃபேக்டரில தயாரிக்க ஆரம்பிச்சாங்க, தோத்தா கொட்டிருவோம்னு.

அதுக்கெல்லாம் முன்பணம் வேணும். எங்க அம்மாவுக்கு இது யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம், கடைல இலையும் தூளும் முன்கூட்டியே எடை போட்டு குடுத்தாத்தான் வீட்டுல உக்காந்து பீடி சுத்த முடியும், சுத்திக் கொண்டுவா அப்புறம் இலை தாரேன்னா எவ சுத்துவா? கொரோனால நீங்க இலையும் தூளும் முன்னாடியே குடுத்தீங்க. 2020 நவம்பர்ல கொரோனா ஊசிய உருவாக்கன்னு கோவிட் சுரக்ஷா திட்டத்துக்கு 900 கோடி ஒதுக்குனீங்க, 2021 ஏப்ரல்ல கோவிஷீல்டு, கோவேக்சின் செய்யுத ரெண்டு கம்பெனிக்கும் சேத்து 4,500 கோடி முன்பணத்துக்கு சரின்னீங்க.

இப்போ டிபி பக்கம் வாங்க. எம்72ன்னு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியால ஏறக்குறைய 3,500 பேருக்கு, உடம்புக்குள்ள ஏற்கெனவே டிபி கிருமி தூங்குத பெரியவங்களுக்குப் போட்டுப் பாத்தாங்க. மொத முடிவு 2018ல, மூணு வருஷ முடிவு 2019ல. டம்மி ஊசி போட்டவங்கள்ல 26 பேருக்கு டிபி, நெச ஊசி போட்டவங்கள்ல 13 பேருக்கு. பாதிக்குப் பாதி. நூறு வருஷத்துல பெரியவங்களுக்கு இப்பிடி ஒண்ணு வந்ததில்ல. கொரோனாவா இருந்தா மறுநாள் காலைல அடுத்த ட்ரையல் ஆரம்பிச்சிருக்கும். இதுக்கு மூணாங் கட்ட ட்ரையல் ஆரம்பிச்சது 2024 மார்ச்ல. மொத முடிவு வந்து அஞ்சு வருஷத்துக்கு மேல. கண்டுபிடிச்ச கம்பெனி 2020ல லைசென்ஸ கேட்ஸ் அறக்கட்டளையோட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு குடுத்துருச்சு, லாபம் வராத நோய்ல்லா. 2023ல கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கம்ங்குத லண்டன் அறக்கட்டளையும் சேந்து 55 கோடி டாலர்னு சொன்ன பிறகுதான் வண்டி நகந்துச்சு. 55 கோடி டாலர நம்ம பணத்துக்கு அப்போ இருந்த ரேட்டுல மாத்திப் பாருங்க, 4,500 கோடி. 2021 ஏப்ரல்ல நீங்க சரின்னு சொன்ன அதே தொகை. அது வாங்குத ஊசிக்கான முன்பணம், இது ட்ரையல் செலவு, ரெண்டும் ஒண்ணு இல்லதான், ஆனாலும் அந்தப் பணம் நம்மகிட்ட இல்லாத பணம் இல்லன்னு தெரியுதுல்லா.

இதுல எனக்கு ஆறவே ஆறாதது, அந்த மூணாங் கட்ட ட்ரையல் தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, மலாவி, இந்தோனேசியான்னு நடக்குது, நம்ம நாட்டு பேரு இல்ல. 2023ல உலகத்துல 1 கோடியே 8 லட்சம் பேருக்கு டிபி வந்துச்சு, 12.5 லட்சம் பேரு செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல நாலுல ஒரு நோயாளி நம்மாளு. சும்மா இருக்கீங்கன்னு சொல்லல, 2019ல நீங்களும் டிபி வீட்டாளுங்க பன்னெண்டாயிரம் பேர வச்சு ரெண்டு ஊசிக்கு ட்ரையல் ஆரம்பிச்சீங்க, ஸ்பெயின்ல உருவான எம்டிபிவேக்ங்குத டிபி ஊசிக்கு நம்ம ஹைதராபாத் கம்பெனி 2024ல ட்ரையல் தொடங்குச்சு. அது நல்ல காரியம். ஆனா கொரோனால தெனம் சாயங்காலம் டிவில உக்காந்து சொன்னீங்களே, அந்த மாதிரி இத எங்களுக்கு யாரு சொல்லுதா?

வேகம்னு சொல்லும்போது ஒண்ண தெளிவா சொல்லிருதேன், 2020 ஜூலைல ஆகஸ்ட் 15க்குள்ள ஊசி வெளிய வரணும்னு ஐசிஎம்ஆர்ல இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு லெட்டர் போச்சே, அந்த மாதிரி வேகம் எங்களுக்கு வேண்டாம். கோவேக்சினுக்கு மூணாங் கட்ட முடிவு வரும் முன்னாடியே அனுமதி குடுத்ததும் ஜனங்க மனசுல சந்தேகத்த வெதச்சுது, எங்க தெருவுல "எனக்கு அது வேண்டாம், இதுதான் வேணும்"னு சண்டையே நடந்துச்சு. அத ஒரு தடவ பண்ணியாச்சு, டிபில பண்ணிராதீங்க. இன்னொண்ணு, பதினொரு மாசத்துல வந்துச்சுன்னு சொல்லுத எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பின்னாடி கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மேனும் 2005ல எழுதுன ஆராய்ச்சி இருக்கு, அப்போ அத சீந்துவாரில்ல, 2023லதான் நோபல் வந்துச்சு. கொரோனா குடும்பத்து வைரஸால வந்த பழைய மெர்ஸ் நோய்க்கு ஊசி தேடுனவங்க கத்துவச்ச வித்தையும் இருக்கு. யாருமே பாக்காத நேரத்துல போட்ட பணம் அவசரத்துல கை குடுத்துச்சு. அத போட ஆள் வேணும்.

இவ்வளவு ஏன் கத்துதேன்னா, கத அம்மாவோட முடியல. எங்க அக்கா மக, எங்க வீட்டுலயே வளந்த பிள்ள, 2020ல அவளுக்கு 14 வயசு. அம்மாவுக்கு டிபின்னு தெரிஞ்சப்போ வீட்டுல உள்ளவங்களுக்கு தடுப்பு மாத்திரை உண்டான்னு கேட்டேன், அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குத்தான்னாங்க, அன்னைக்கு விதி அப்பிடி. மறு வருஷந்தான் வீட்டாளுங்க எல்லாருக்கும் குடுக்கலாம்னு மாத்துனீங்க. 2023ல பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு வந்துட்டு. அவ தோள்லயும் அதே பிசிஜி தழும்பு. ஆச்சிகிட்ட இருந்துதான் வந்துச்சான்னு டாக்டரால உறுதியா சொல்ல முடியாது, ஆனா எங்க அம்மா "நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்"னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கா. அந்தப் பிள்ள மாத்திரைய கணக்கு டப்பாக்குள்ள வச்சு ஸ்கூலுக்கு கொண்டு போவா, கூட படிக்கவளுகளுக்கு தெரிஞ்சுரக் கூடாதுன்னு. கோர்ஸ் நல்லபடியா முடிஞ்சுது. முடிச்ச கொஞ்ச நாள்ல, 2024 மார்ச்ல, டிபி மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்து மாநிலங்களே வெளிய வாங்கிக்கிடுங்கன்னு டெல்லில இருந்து கடிதம் வந்துச்சு. எங்க கடைக்கு வெறும் அட்டைய கைல வச்சுக்கிட்டு "இது கெடைக்குமா தம்பி"ன்னு ஆள் வந்தாங்க. இப்பிடி ஒரு தட்டுப்பாடு கொரோனா ஊசிக்கு வந்தப்போ நாடே கொந்தளிச்சுது.

என்ன வேணும்னு கேக்கீங்கன்னா, சொல்லுதேன்.

டிபி தடுப்பூசிக்குன்னு தனியா ஒரு திட்டம், கோவிட் சுரக்ஷா மாதிரியே, எத்தன கோடி, எந்த தேதிக்குள்ள எந்த வேலன்னு வெளிப்படையா அறிவிங்க. எம்72 ஜெயிச்சாலும் சரி, எம்டிபிவேக் ஜெயிச்சாலும் சரி, வளரிளம் பிள்ளைகளுக்கும் பெரியவங்களுக்கும் இத்தன கோடி டோஸ் வாங்குவோம்னு இப்பவே எழுதிக் குடுங்க, அப்பந்தான் ஃபேக்டரிக்காரன் இப்பவே மிஷின் போடுவான். எம்72ல சேக்குத ஒரு பொருளு சிலி நாட்டுல வளருத ஒரு மரத்தோட பட்டைல இருந்து வருதாம், அதெல்லாம் கடைசி நேரத்துல தேடுனா கெடைக்குமா?

செங்கல்பட்டு பக்கத்துல 594 கோடிக்குன்னு திட்டம் போட்டு கட்டுன தடுப்பூசி வளாகம் இருக்கு. 2021ல கொரோனாவுல ஜனங்க ஊசிக்கு அலையும்போது முதலமைச்சர் நேர்ல போய்ப் பாத்துட்டு குத்தகைக்காவது குடுங்கன்னு கேட்டாரு, அப்பவும் அங்கருந்து ஒரு டோஸ் கொரோனா ஊசி வரல. டிபி ஊசிக்காவது அத முழுசா ஓட வைங்க, உங்களால முடியாதுன்னா மாநிலத்துகிட்ட குடுங்க. மாநில அரசும் அன்னைக்கு கேட்டதோட விட்டுராம மறுபடியும் கேளுங்க.

அடுத்த பெரிய ட்ரையல் எதுவானாலும் நம்ம நாட்டுலயும் நடக்கணும், அதுல நம்ம தாமிரபரணிக் கரை பீடி ஊர்களும் இருக்கணும். சும்மா கைய நீட்ட மாட்டோம், சம்மதப் படிவம் எங்க அம்மா வாசிக்குத மாதிரி தமிழ்ல இருக்கணும், பக்கவிளைவு வந்தா யாரு பாப்பாங்கன்னு எழுத்துல இருக்கணும், ஊசி ஜெயிச்சா மொத டோஸ் அந்த ஊருக்கு வரணும். முடிவு நல்லதோ கெட்டதோ ஆரம்ப சுகாதார நிலையத்து போர்டுல தமிழ்ல ஒட்டணும்.

ஊசி வருத வரைக்கும் வீட்டாளுங்க தடுப்பு மாத்திரைய நாங்க கேக்காமலே கொண்டு வந்து குடுங்க. நோயாளிக்கு மாசம் 500 ரூவாயா இருந்தத 2024 நவம்பர்ல இருந்து 1,000 ஆக்குனீங்க, சந்தோசம், ஆனா அந்த வீட்டுல உள்ள மத்தவங்களுக்கும் சாப்பாட்டுச் சாமான் குடுத்தா புதுசா டிபி வருதது 39 சதவீதம் கொறையுதுன்னு ஜார்கண்ட்ல நடந்த ஆய்வு 2023லயே சொல்லியாச்சு. பருப்பும் எண்ணையும் எங்க ரேஷன் கடைலயே இருக்கு, அட்டைல ஒரு முத்திர குத்துனா போதும். பீடி சுத்துத தெருவுல மாசம் ஒரு தடவ எக்ஸ்ரே வண்டி வரட்டும், இருமலுக்கு சிரப்பு கேட்டு மருந்துக் கடைக்கு வருதவங்கள அனுப்பி வைக்க எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு நம்பர் குடுங்க, நான் அனுப்புதேன்.

நாளைக்கு புதுசா ஒரு கொள்ளை நோய் வந்தாலும் டிபி மிஷினுல கை வைக்கக் கூடாது, தேவைன்னா கூடுதலா வாங்கணும், அத ஒரு ஆர்டராவே போடுங்க.

அப்புறம் அந்த ரேஷன் கடை பேனரு. ஒண்ணு யாரையாவது அனுப்பி கழட்டுங்க, இல்லன்னா எந்த வருஷம்னு யோசிச்சு புதுசா ஒண்ணு மாட்டுங்க, கீழ எந்த ஊசிய எப்போ கொண்டு வருவீங்கங்கதையும் சேத்து.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்துல இருந்து, பீடி சுத்துன ஒரு அம்மாவோட மகன்